கரையைப் பறிப்பதும் கொலைதான்

நொய்யல் கரையில், பேரூரில், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சாந்தலிங்கர். அவர் எழுதிய நூல்களில் ஒன்றின் பெயர் 'கொலை மறுத்தல்'. உயிர்க்கொலை கூடாது என்று வாதிடும் நூல் அது. திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் அதற்கு உரை எழுதியிருக்கிறார். எங்களுடையது சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம். அப்பாரு சிவதீட்சை வாங்கிய நாளிலிருந்து வீட்டில் இறைச்சி சமைத்ததில்லை. ஊரில் கெடா வெட்டு என்றால் கூப்பிட்ட மரியாதைக்குப் போவார். சோறும் ரசமும் மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். "நம்ம வாயிக்காக ஒண்ணு சாவக் கூடாது கண்ணு" என்பார். பேரூரில் சித்தாந்தப் பாடம் கேட்கப் போனபோதுதான், அவருடைய அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முந்நூறு வருடத்துக்கும் மூத்த வாதம் ஒன்று நிற்பதை அறிந்தேன்.

அந்த வாதத்தை மதிக்கிற வீட்டில் வளர்ந்தவள் என்பதால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஓர் உயிரின் மேல் கத்தி படவில்லை, கல் படவில்லை, கைகூடப் படவில்லை. ஆனால் அது வாழ்ந்த இடத்தை இல்லாமல் ஆக்கிவிட்டோம். அது கொலையா, இல்லையா? கொலை என்றால், தட்டில் இறைச்சி வைக்காததால் மட்டும் என்னைப் போன்றவர்கள் கொல்லாமை நோன்பைக் காத்தவர்கள் ஆவோமா?

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆற்றுக்குப் போனால் தண்ணீரைவிடக் கரையைத்தான் அதிகம் பார்ப்பேன். பேரூருக்கு மேற்கே, ஆலாந்துறை போகும் பக்கம், நொய்யலின் ஒரு வளைவில் ஆளுயரத்துக்குச் செங்குத்தாக நின்ற செம்மண் கரை ஒன்று இருந்தது. மேலே புங்கனும் நொச்சியும், அடியில் கோரை, நடுவே மண்சுவரில் வரிசையாகத் துளைகள். மாசி பிறந்தால் வெண்மார்பு மீன்கொத்திகள் வந்து அலகால் மண்ணைக் குத்தி, கை நீளத்துக்குப் படுக்கைவாட்டில் வளை தோண்டும். வளையின் கடைசியில் சின்ன அறை, அதில் முட்டைகள். பக்கத்திலேயே பஞ்சுருட்டான்கள் தங்கள் வளைகளைத் தோண்டும். மரம் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பறவைகளுக்கு அதில் கூடு இல்லை. பெரும்பாலும் செங்குத்தான மண்கரைதான் வேண்டும். அதைச் செய்து தருவது வெள்ளம். ஆறு திரும்பும் இடத்தில் வெளிப்பக்கத்தை அரித்து அரித்து அந்தச் சுவரை நிறுத்துகிறது.

அந்த வளைவில் கரையைப் பலப்படுத்துவதாகக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். தை முடிவதற்குள் வேலை முடிந்தது. கூடு வைக்கும் பருவம் அங்கே இன்னும் தொடங்கவில்லை; ஒரு முட்டை உடையவில்லை, ஒரு குஞ்சு சாகவில்லை. வேலை செய்தவர்கள் மண் சரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்ததைத் தவிர வேறொன்றும் நினைக்கவில்லை. மாசியில் மீன்கொத்தி ஜோடி வந்தது. சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தது. பிறகு அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது. அடுத்த வருடமும் அங்கே கூடு இல்லை. யாரும் எதையும் கொல்லவில்லை. ஆனால் அங்கே பிறக்க வேண்டியவை பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்கப் போவதில்லை. நம் அறநூல் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

சைவ சித்தாந்தத்தில் இதற்கு விடை இருக்கிறது என்பது என் துணிபு. உயிர்கள் எண்ணற்றவை, தொடக்கம் இல்லாதவை, ஆணவ மலத்தில் அழுந்திக் கிடப்பவை என்று சித்தாந்தம் சொல்கிறது. அவற்றை மேலேற்றுவதற்காக இறைவன் நான்கைத் தருகிறான்: தனு, கரணம், புவனம், போகம். தனு என்பது உடல். கரணம் என்பது மனம் முதலிய கருவிகள். புவனம் என்பது அந்த உடல் வாழும் இடம். போகம் என்பது அந்த இடத்தில் அந்த உடலைக் கொண்டு உயிர் நுகர்கிற இன்ப துன்பம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றால் பயன் இல்லை. உடலைக் கொடுத்து இடத்தைக் கொடுக்காவிட்டால் அந்த உயிர் எங்கே நிற்கும், எதை நுகரும், எப்படி வினை கழியும்? அதனால்தான் நான்கையும் ஒரே தொடராகச் சொல்லி வைத்தார்கள்.

வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அந்த மண்கரைதான் நினைவுக்கு வந்தது. கொல்லாமை நோன்பு என்று நாம் காத்துவருவது தனுவை மட்டும். ஆட்டின் உடலையும் கோழியின் உடலையும் தொடமாட்டோம். சரி. புவனத்தை யார் காப்பது? கத்தி பறிப்பது தனு. கான்கிரீட்டும் சாயக்கழிவும் மண் அள்ளும் இயந்திரமும் பறிப்பது புவனம். இரண்டையும் கொடுத்தவன் ஒருவனே. இரண்டும் கொடுக்கப்பட்டது அந்த உயிரின் ஈடேற்றத்துக்காகவே. படிக்கிற பிள்ளையை அடித்து விரட்டினாலும், பிள்ளையைத் தொடாமல் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டாலும் படிப்பு நின்றது நின்றதுதான். இறைவன் தந்த புவனத்தை உயிரிடமிருந்து பறிப்பதைக் கொலையிலிருந்து வேறான ஒன்றாகப் பார்க்க சித்தாந்தத்தில் எனக்கு இடம் தெரியவில்லை.

உயிர் என்று இங்கே சொல்வது ஆடு மாடுகளோடு நிற்பதும் இல்லை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் பிறந்து இளைத்த பிறவிகளைச் சொல்லும்போது செடிகொடிகளிலிருந்துதான் தொடங்குகிறார். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. ஓரறிவுக்குப் புல்லும் மரமும், ஈரறிவுக்கு நத்தையும் சிப்பியும், மூவறிவுக்குக் கறையானும் எறும்பும், நாலறிவுக்கு நண்டும் தும்பியும், அதற்கு மேல் விலங்குகள், அதற்கு மேல் மனிதர். மாணவிகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனால் இந்த வரிசையை அங்கேயே சொல்லிக் காட்டுவேன். தண்ணீர் விளிம்பில் நத்தை, சிப்பி. சேற்றில் நண்டு வளை. கோரைத் தாளில் தட்டான். கரைமேட்டில் கறையான் புற்று. அதற்கு மேல் நீர்மருது, நாவல், புங்கன். நீரிலிருந்து மேடு வரை பத்துப் பதினைந்து அடிக்குள் அத்தனை அறிவும் குடியிருக்கும். வயலிலும் இவ்வளவு நெருக்கம் இல்லை. தண்ணீரின் நடுவிலும் இல்லை. நீரும் நிலமும் சேரும் அந்தக் குறுகிய பட்டையில்தான் உயிர்கள் திரண்டு நிற்கின்றன.

அந்தப் பட்டை சும்மா இருப்பதும் இல்லை. நீர்மருதின் வேர் கரையைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் நிழலில் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் மீன் மூச்சுவிடும் உயிர்வளி கூடுதலாகத் தங்கும். உதிர்ந்த இலையைப் புழுபூச்சி தின்னும். புழுபூச்சியை மீன் தின்னும். சம்புக்கும் கோரைக்கும் நடுவே தாழைக்கோழி கூடு கட்டும். மிதக்கும் இலைகளின் மேல் இலைக்கோழி முட்டை இடும். அடைகாப்பது ஆண் பறவை. தட்டானின் குஞ்சுப் பருவம் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே கழியும். அப்போது அது தின்பவற்றில் கொசுப்புழுவும் உண்டு. புதர் இருந்தால் கொசு வரும் என்று சொல்லிக் கரையை மொட்டையடிக்கும்போது, கொசுவைத் தின்னும் உயிரைத்தான் முதலில் வெளியேற்றுகிறோம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். இரண்டையும் என் வகுப்புத் தோழர்களே சொன்னார்கள்.

முதல் மறுப்பு: எண்ணம் இல்லாமல் பாவம் இல்லை. கசாப்புக்காரர் கொல்ல நினைத்துக் கொல்கிறார். சுவர் கட்டியவர் அப்படி நினைக்கவில்லை. இதில் நியாயம் உண்டு. உழவர் ஏர் ஓட்டும்போது மண்ணில் எத்தனையோ உயிர் போகிறது. அதைக் கொலை என்றால் சோறே இல்லை. விசயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிற கொங்கு நாட்டில் இது பல நூற்றாண்டாகப் பேசப்பட்ட விவகாரமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அறியாமை என்பது முதல் முறைக்கு மட்டும் உரிய விடை. அறிந்த பிறகு அதே செயலைத் தொடர்ந்தால் எண்ணமும் அதில் சேர்ந்துகொள்கிறது.

ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னிமலைப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. மேலே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. கழிவு ஆற்றில் இறங்கியது. அணையில் தேங்கியது உப்பும் சாயமும் கலந்த நீர். தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள் விடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் உப்பாயின. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக் கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் வர வேண்டும் என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நடக்காதபோது 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகுதான் தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

திருப்பூர் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் ஊர். என் உறவுக்காரர்களும் அங்கே பிழைக்கிறார்கள். சாயம் முக்கிய எவரும் கீழ்ப்பக்கத்து உழவரின் தென்னை பட்டுப்போக வேண்டும், ஆற்றுக் கெளுத்தி சாக வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார். ஆனால் கிணறு உப்பானது ஊருக்கே தெரிந்த பிறகும் நாட்கள் நகர்ந்தன. அந்த நாட்களுக்கு 'எண்ணம் இல்லை' என்ற விடை பொருந்தாது. அந்தத் துணியை உடுத்திய நமக்கும் பொருந்தாது. நொய்யல் நமக்கெல்லாம் ஒரு முறை கற்றுக்கொடுத்துவிட்டது. இனி எந்தக் கரையிலும் தெரியாமல் செய்தோம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. உயிர் அழியாதது, இந்த உடல் போனால் வினைக்கேற்ற இன்னொரு உடலும் இன்னொரு புவனமும் இறைவன் தருவான், மீன்கொத்தி வேறு கரைக்குப் போகும், போகாவிட்டால் அந்த உயிர் வேறு பிறவிக்குப் போகும், இதில் வருந்த என்ன இருக்கிறது? இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் ஆட்டை வெட்டுவதையும் ஏற்க வேண்டும். மனிதனை வெட்டுவதையும் ஏற்க வேண்டும். அந்த உயிர்களுக்கும் அழிவில்லைதானே. உயிர் அழியாதது என்ற உண்மை துக்கத்தில் இருப்பவருக்குத் தேறுதல் சொல்ல உதவும். கொன்றவருக்கு மன்னிப்புச் சீட்டாக அதைச் சொல்ல முடியாது. இறைவன் இன்னொன்று தருவான் என்பது அவன் அருள். அவன் ஏற்கெனவே தந்ததை நாம் பறிப்பது நம் வினை. அவன் அருளை நம் வினைக்கு ஈடாகக் காட்ட முடியாது.

வேறு கரைக்குப் போகும் என்பதும் எவ்வளவு தூரம் உண்மை? வெள்ளியங்கிரி மலையில் ஊறும் ஓடைகள் கூடுதுறையில் சேர்ந்து நொய்யலாகி, சித்திரைச்சாவடியில் வாய்க்காலுக்குப் பிரிந்து, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் என்று கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கின்றன. மலையடிவாரத்தில் இன்னும் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது. யானை இறங்கிக் குடிக்கிறது. நகரத்துக்குள் வந்ததும் கோடையில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. ஒரு வளைவை விட்டு அடுத்த வளைவுக்குப் பறக்கலாம். எல்லா வளைவிலும் சுவர் நின்றால் எங்கே பறக்கும்?

சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் பரிசலில் வலை வீசும் பெரியவர் ஒருவரோடு அடிக்கடி பேசுவேன். குளம் ஏலம் போன கதை, மீன் விலை, மகன் வேலை என்று பேச்சு போகும். ஒருநாள் கரையோரச் சம்பை வெட்டி அள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கம்மா, அந்தப் புல்லையெல்லாம் வழிச்சுப் போட்டா வெராலு எங்கீங்க குஞ்சு வெக்கும்?" என்றார். "சின்னக் குஞ்செல்லாம் செவப்பா ஒரே கூட்டமா மேல வருமுங்க. ஆயும் அப்பனும் கீழயே சுத்திக்கிட்டு இருக்கும், எதையும் கிட்ட விடாதுங்க. அந்நேரத்துல நானு அந்தப் பக்கம் வலையே போட மாட்டேன். போட்டா பாவமுங்க. அப்புறம் மீனும் இருக்காதுங்க."

"பாவம்னு சொல்றீங்க, மீனு பிடிக்கறதும் பாவந்தானுங்களே?" என்று கேட்டேன்.

"அது வகுத்துக்குங்க. எடத்தக் கெடுக்கறது எதுக்குங்க?"

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் மட்டும் அல்ல, நான் படித்த உரைகளிலும் எளிய விடை இல்லை. மீன்பிடித்தலை நான் நியாயப்படுத்தவில்லை. என் நோன்பு எனக்கு உயர்ந்ததுதான். ஆனால் பசிக்கு ஒரு மீனை எடுப்பதையும் விரால் இனம் முட்டையிடும் இடத்தையே எடுத்துவிடுவதையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். முன்னதற்கு எல்லை உண்டு, பின்னதற்கு எல்லை இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. மீனை எடுத்தால் ஒரு தனு போகிறது. கரையை எடுத்தால் இனி வர வேண்டிய எல்லாத் தனுவும் போகின்றன. அப்படியென்றால் புவனத்தைப் பறிப்பது கொலைக்குச் சமம் என்று சொல்வதுகூடக் குறைவு. அது கொலையிலும் பெரியது.

இடம் விட்டு வைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிய பாடம் இல்லை. எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழி இட்டேரி. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே வண்டி போகும் தடம். இரு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடிகளும் பின்னிய உயிர்வேலி. அந்த வேலி அகலத்தை யாரும் உழுததில்லை. கீரியும் ஓணானும் கவுதாரியும் அதற்குள் இருந்தன. மூலிகை வேண்டுமென்றால் அமுச்சி இட்டேரிக்குத்தான் அனுப்புவாள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் வளர்த்து, சுற்றிக் கிளுவை வேலி போட்டு, மாடு மேய்ந்தது போக மற்ற உயிர்களுக்கும் இடம் இருக்கும்படி வைத்திருந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் ஏழு கல் நட்டுக் கன்னிமாரைக் கும்பிட்டார்கள். கன்னிமார் இருக்கும் இடத்து மரத்தில் கோடரி வைக்கமாட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பேரூரில் ஆற்றோரம் இன்றும் கன்னிமாருக்குக் கல் வைத்துப் பூசை நடக்கிறது. இவை எல்லாம் நான் எடுக்க முடியும், ஆனால் எடுக்கமாட்டேன் என்று விட்ட இடங்கள். சித்தாந்தச் சொல் தெரியாமலே எங்கள் முன்னோர் புவனத்தைக் காத்தார்கள்.

பேரூர்ப் பட்டீசுவரர் தலபுராணம் இந்தக் கருத்தை இன்னும் துணிந்து சொல்வதாக நான் வாசிக்கிறேன். பட்டி என்ற பசு ஒரு புற்றின் மேல் பால் சொரிந்து வழிபட்டது. அதன் கன்றின் கால் புற்றில் சிக்கியது. உள்ளே இருந்தது இலிங்கத் திருமேனி. குளம்பின் சுவடு அந்தத் திருமேனியில் பதிந்தது. இறைவன் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. சுவட்டை அணியாகவே ஏற்றுக்கொண்டான். அந்தச் சுவடு உள்ள மூர்த்திக்குத்தான் இன்றும் அபிடேகம். கறையான் கட்டிய புற்றில் குடியிருந்தவன், கன்றின் காலுக்குத் தன் மேனியில் இடம் கொடுத்தவன் பேரூர்ப் பெருமான். அதே ஊரில் ஆனி மாதத்தில் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. சுந்தரர் தேடி வந்தபோது இறைவனும் அம்மையும் சேற்றில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது கதை. புற்றிலும் சேற்றிலும் நம் தெய்வம் இருந்திருக்கிறது. அந்தத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, ஆற்றங்கரையில் புற்றும் சேறும் இருப்பதை அசுத்தம் என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். கரையை விடுவது என்று சொல்லத் தொடங்கினால் முதலில் வெளியேற்றப்படுபவர் ஏழை. உக்கடத்திலும் முத்தண்ணன் குளக் கரையிலும் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வெள்ள ஆபத்து உண்மை. கரையில் வாழ்வது அவர்களுக்கும் துன்பம்தான். ஆனால் அவர்கள் விட்ட இடம் சம்புக்கும் தாழைக்கோழிக்கும் போய்ச் சேர்ந்ததா? நம் நகரத்துக் குளக்கரைகளில் சீர்மிகு நகரத் திட்டத்தில் வந்தவை நடைபாதை, கல் பதித்த கரை, இரவெல்லாம் எரியும் விளக்கு. மாலையில் காற்று வாங்க எங்களுக்கு நல்ல இடம் கிடைத்தது. அதில் மகிழ்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனினும் ஏழையின் புவனத்தை எடுத்து, பறவையின் புவனத்தையும் எடுத்து, இரண்டையும் நம் உலாவுக்குக் கொடுத்தால் அதைப் பாதுகாப்பு என்று அழைக்கக் கூடாது. இடம் விடுதல் என்ற அறம் யாரிடம் இடம் அதிகம் இருக்கிறதோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

செய்ய முடியும் என்பதற்குச் சான்று நம் பகுதியிலேயே இருக்கிறது. 2017-இல் சிங்காநல்லூர் குளம் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது; நகரத்துக்கு நடுவே, சாக்கடை வந்து சேரும் குளத்திலும், மரமும் புதரும் விட்டு வைத்தால் எத்தனை வகைப் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் தங்கும் என்பதை அங்கே ஒரு காலைநேரம் நின்றால் பார்க்கலாம். திருப்பூருக்கு அருகில், நொய்யலில் சேரும் நல்லாற்றின் தண்ணீர் வரும் நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. சாயத்துக்குப் பேர்போன ஊரின் விளிம்பில், ஏறத்தாழ 125 ஹெக்டேர் நீர்நிலைக்கு உலக நாடுகளின் உடன்படிக்கையில் இடம். நல்லாற்றில் வரும் கழிவு முழுவதும் நின்றுவிடவில்லை. அந்தப் போராட்டம் தொடர்கிறது. ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

சட்டமும் சித்தாந்தத்துக்கு அருகே வந்துகொண்டிருக்கிறது. நியூசிலாந்து 2017-இல் வாங்கனூய் ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கைக்கு அப்படியொரு நிலையை அறிவித்தது. நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கோயில் மூர்த்தி நெடுங்காலமாகவே சட்டத்தின் முன் ஓர் ஆள். நிலம் அவர் பெயரிலேயே இருக்கிறது. அங்கிருந்துதான் என் கோரிக்கையும் தொடங்குகிறது.

கொங்கு நாட்டில் ஆற்றையும் வாய்க்காலையும் குளத்தையும் ஒட்டிக் கோயில் நிலம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் தண்ணீரை ஒட்டிய பட்டையை உழாமல், குத்தகைக்கு விடாமல், கல் பதிக்காமல் அந்த மூர்த்தியின் பெயராலேயே உயிர்களுக்கு விட்டுவிட வேண்டும். குத்தகை உழவருக்கு வரும் இழப்பைக் கோயிலும் ஊரும் ஏற்க வேண்டும். ஆகாயத்தாமரையையும் சீமைக் கருவேலத்தையும் அகற்றி, நீர்மருதும் நாவலும் புங்கனும் தானாக முளைத்து வரக் காவல் இருக்க வேண்டும். மண்கரை மண்கரையாகவே இருக்க வேண்டும். சுவர் தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் சுவர். மாசியிலிருந்து ஆடி வரை, கூடும் குஞ்சும் இருக்கும் பருவத்தில், கரையில் இயந்திரம் இறங்கக் கூடாது. புவனத்தைத் தந்தவன் பெயரில் உள்ள நிலத்திலேயே இது நடக்கவில்லை என்றால் பட்டா நிலத்துக்காரரிடம் கேட்க நமக்கு முகம் இருக்காது. அங்கே நடந்துவிட்டால், அடுத்துக் கேட்கப்பட வேண்டியவர்கள் தோட்டமும் ஆலையும் கல்லூரியும் வீட்டுமனையும் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள்.

சாந்தலிங்கர் காலத்தில் கொலை மறுப்பது என்றால் கையை எடுத்துக்கொள்வது போதுமானதாக இருந்திருக்கும். ஆறும் கரையும் அப்போது தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. இன்று நம் கை ஆற்றின் ஊற்று முதல் முகத்துவாரம் வரை நீண்டிருக்கிறது. சாப்பாட்டில் இறைச்சியை மறுப்பவர்கள், கரையைப் பறிக்கும் திட்டம் ஊருக்கு வரும்போது கூட்டத்தில் எழுந்து நின்று அதையும் மறுக்க வேண்டும். கிராமசபையில் பேச வேண்டும், கோயில் கூட்டத்தில் பேச வேண்டும், சொந்த நிலத்தில் வேலிக்கல்லைப் பின்னே தள்ளி நட வேண்டும். சைவம் என்று நம்மை நாம் அழைத்துக்கொள்வதற்கு இனி இதுவும் நிபந்தனை. தீட்சை கொடுக்கும் குருமார்கள் இதை நோன்பில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.